கறுத்த கல் கிழித்த சிவப்புக் கோடு

மலைக்குச் சொந்தக்காரன் என்று ஒருவனும் இல்லாத காலம் முடிந்து, ஒருவன் வந்து உட்கார்ந்த காலத்தில் நடந்தது இது. கேளுங்கள்.

அந்த ராசா ஒரு சட்டம் போட்டான். மலையில் மினுங்கும் கல்லெல்லாம் அரண்மனைக்கு. சிவப்பு மண் ஊராருக்கு. ஊரார் அந்த மண்ணை உலையில் உருக்கி இரும்பெடுத்தார்கள், அரிவாள் அடித்துப் பிழைத்தார்கள்.

ஒருநாள் காரியான் என்ற கொல்லனின் கூடையில் மினுங்கும் கற்கள் மூன்று அகப்பட்டன. ஒன்று கன்னங்கறுப்பு. ஒன்று வெள்ளிச் செதில். ஒன்று ஆட்டுக் குண்டிக்காய் போல உருண்டை. திருட்டு என்றார்கள். வலது கையை வெட்டு என்றார்கள்.

அவன் மனைவி ஓவாயி சபைக்கு ஓடினாள். “திருட்டு இல்லை சாமி! இந்தக் கல்லும் எங்கள் சிவப்பு மண்ணும் ஒரே பொருள்தான்.”

மந்திரி சிரித்தார். “காக்காயும் கிளியும் ஒன்றா, அம்மா?”

“காக்காயை விடுங்கள். கல்லை உரசிப் பாருங்கள்.”

“சும்மா இரு புள்ளே” என்று முனகினான் காரியான். அவள் சும்மா இருக்கவில்லை. ஏன் இருக்க வேண்டும்? அவள் சொன்னது உண்மை.

உடைந்த பானை ஓட்டில் கறுத்த கல்லை இழுத்தாள். சிவப்புக் கோடு. வெள்ளிச் செதிலை இழுத்தாள். சிவப்புக் கோடு. உருண்டையை இழுத்தாள். அதுவும் சிவப்பே. பக்கத்தில் மண்ணைத் தேய்த்தாள். எந்தக் கோடு எதனுடையது என்று மந்திரிக்கே தெரியவில்லை.

ராசா இறங்கிவந்து தானே உரசிப் பார்த்தான். “இவள் சொல்வது சரி. எல்லாம் ஒன்றுதான்.”

சபை ஆரவாரித்தது. “அப்படியானால் என் புருசனை விட்டுவிடுங்கள் சாமி” என்றாள் ஓவாயி.

“எதற்கு? கல் என்னுடையது. கல்லும் மண்ணும் ஒன்றென்றால் மண்ணும் என்னுடையது. இத்தனை நாள் அள்ளியவர்கள் அத்தனை பேரும் திருடர்கள். நல்லவேளை, நீ சொல்லிக்கொடுத்தாய்.”

சேவகர்கள் ஊருக்குள் வந்தார்கள். கூடையைத் தேடவில்லை, வீட்டைத் தேடவில்லை. உள்ளங்கையை நீட்டச் சொன்னார்கள். மண் அள்ளிப் பிழைக்கும் ஊரில் சிவக்காத உள்ளங்கை ஏது?

வரிசையில் முதலில் நின்ற காரியான் திரும்பிப் பார்த்தான். “நீ தோற்றிருந்தால் என் கை மட்டும்தான் போயிருக்கும், புள்ளே.”

ஊர் அவளைத்தான் ஏசியது. ராசாவை ஏசவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீதி இதுதான்: சட்டத்தை எழுதுகிறவனே அதற்குப் பொருளும் சொல்கிற இடத்தில், உண்மையை நிரூபித்தவருக்கு வெற்றி கிடைக்கலாம், நியாயம் கிடைக்காது.