சங்கரபாண்டியின் பேட்டரி

அம்பாசமுத்திரத்தில் கனகமணியின் பைக் ஒர்க் ஷாப்புக்கு வேலை கற்க வந்தபோது சேவியருக்கு நாற்பத்தைந்து வயது. லாரி ஓட்டி முதுகு போன மனிதர். கற்றுக்கொடுப்பவளுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

அன்றைக்கு டீக்கடை சங்கரபாண்டி தன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"என்னவே, புது பேட்டரின்னு மாட்டி விட்டீரு. அதுவும் மண்டையப் போட்டுட்டு."

பேட்டரியை மாட்டிய சேவியர் வண்டியை வாங்கி ஸ்டாண்டில் நிறுத்தினார்.

"காலைல செல்ஃப் எடுக்கல. உதைச்சுக் கிளப்ப எனக்கு முட்டி கெடையாது. நொண்டி நொண்டி வீட்டுக்குப் போய்ப் பாத்தா, அவ கட்டில்லேர்ந்து சரிஞ்சு தரையில கெடக்கா." குரல் இறங்கிப் போனது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கடையைச் சாத்திட வேண்டியதுதான். பெறவு சோத்துக்கு எங்க போக?"

அவர் மனைவி பேச்சியம்மாள் பக்கவாதத்தில் படுத்து வருஷத்துக்கு மேலாகிறது.

சேவியர் பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி, மறுபடி எல்லாவற்றையும் பார்த்தார். ஆக்சிலேட்டரை முறுக்கினால் சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறது. சாவியை எடுத்துவிட்டால் எங்கேயும் கரண்ட் கசியவில்லை. கரண்ட் உண்டாக்கும் காயில் கட்டும் நன்றாகவே இருந்தது.

"எங்க தப்பு விட்டேன், மாஸ்டர்?"

கனகமணி பைக் பக்கம் குனியக்கூட இல்லை.

"நாளைக்கு இங்க வராதீங்க அண்ணே. அவரு பின்னாடி உக்காந்து சுத்துங்க."

"சுத்தி?"

"சுத்திட்டு வந்து சொல்லுங்க."

சுற்றினார். கடையிலிருந்து வீடு இரண்டு தெரு தள்ளி. சங்கரபாண்டி போவார், மனைவியைப் புரட்டிப் படுக்க வைப்பார், தண்ணீர் கொடுப்பார், திரும்புவார். நாலு பேருக்கு டீ ஆற்றுவதற்குள் முகம் மாறிவிடும். மறுபடி சாவி. வண்டி இரண்டாவது கியரைத் தாண்டவே இல்லை.

"யாரது, இன்னைக்கு மாப்பிள்ளைத் தோழனா?" என்று பேச்சியம்மாள் படுத்தபடியே சிரித்தாள். பிறகு, சங்கரபாண்டி அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து, "இந்த மனுசன் உக்காந்து நான் பாத்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா" என்றாள்.

சாயங்காலம் இருவரும் ஒர்க் ஷாப்புக்கு வந்தார்கள்.

"வண்டியில கோளாறு இல்ல, மாஸ்டர்," என்றார் சேவியர். "ஒவ்வொரு தடவையும் செல்ஃப் கொஞ்சம் சார்ஜை எடுத்துக்குது. எடுத்தது திரும்பிச் சேர்றதுக்குள்ள அண்ணாச்சி வண்டியை அணைச்சிடுதாரு. நாள் பூரா இதே கதைதான்."

"என்ன செய்யலாம்?"

"பெரிய பேட்டரியா மாட்டலாம்."

"மாட்டினா?"

சேவியர் யோசித்தார். "சாக இன்னும் கொஞ்ச நாளாகும்."

கனகமணி சங்கரபாண்டி பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, தெனமும் சாயங்காலம் பாபநாசம் வரைக்கும் போயிட்டு வாங்க. வழியில எங்கேயும் அணைக்கப்படாது."

"நல்லாச் சொன்ன தாயி. அதுவரைக்கும் அவளை யாரு பாப்பா?"

அதற்குச் சேவியரிடம் வழி இருந்தது.

"நீங்க வீட்லயே இருங்க அண்ணாச்சி. சாவியைக் குடுங்க, நான் ஓட்டிட்டு வாரேன். பேட்டரிக்கு வண்டி ஓடினாப் போதும். யாரு ஓட்டினா என்ன?"

சங்கரபாண்டி நிம்மதியாகச் சாவியை நீட்டினார். நடுவில் கை நீட்டி கனகமணி அதை வாங்கிக்கொண்டாள். சங்கரபாண்டியின் கண்கள் தூக்கமில்லாமல் குழி விழுந்து கிடந்தன. சாவியை அவர் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"அக்காகூட நான் இருக்கேன்," என்றாள். "நீங்க டீக்கடையப் பாத்துக்கிடுங்க அண்ணே. வண்டியை அவரே ஓட்டட்டும்."