நம்பர் அழிச்ச தெரு

போர்வையக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கோ. காலை ஆட்டாத. பெரியம்மா கதை சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும். நீ நிறுத்துனா நானும் நிறுத்திடுவேன்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு தெரு. ஒரே ஒரு தெருதான் கண்ணு. அந்த ஊருக்குப் பேரே கிடையாது. கடுதாசி போடணும்னா வெறும் நம்பர்தான் எழுதணும். பட்டாளத்துக்காரங்க மலை மேல கட்டுன ஊரு. கோயில் இல்ல, கடைத்தெரு இல்ல, வாடகைக்கு இருக்கற மனுஷங்க இல்ல. தகரக் கூரை போட்ட பதினாறு வீடு, இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு. சுத்தி மலை. மலை மேல பனி. பனி சேந்து சேந்து கூரைலருந்து வழுக்கி "சொத்"துன்னு விழும். முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதேனாம்.

"நீங்களா?"

நான்தான். எனக்கு எட்டு வயசு. எங்கப்பா பேரு ஏழுமலை, பட்டாளத்துல பாலம் கட்டற வேலை. அந்தத் தெருவுல பஞ்சாபி இருந்தாங்க, கூர்க்கா இருந்தாங்க, மராட்டி இருந்தாங்க. தமிழ் பேசற வீடு ரெண்டே ரெண்டு. ஒண்ணு எங்க வீடு. இன்னொண்ணு எதிர் வீடு, தணிகாசலம் மாமா வீடு. அவங்க குடியாத்தம் பக்கம். நாங்க ஆரணிப் பக்கம். ஊர்ல இருந்திருந்தா யாரோ எவரோ. அந்த மலைல அவங்க எங்களுக்குச் சொந்தமாயிட்டாங்க.

மாமாவுக்கு ஒரே பொண்ணு. அஞ்சலை. என் வயசுதான், ஆனா என்னைவிட அரை முழம் உசரம். பள்ளிக்கூடத்துல எல்லாரும் இந்தில கத்துவாங்க, நாங்க ரெண்டு பேரும் கடைசி வரிசைல உக்காந்து குசுகுசுன்னு தமிழ்ல பேசுவோம்.

"ம்."

அந்தக் குளிர்ல இட்லி மாவு பொங்காது தெரியுமா? எங்கம்மா என்ன பண்ணுவாங்க, மாவுச் சட்டிக்கு அப்பாவோட கம்பளிக் கோட்டைப் போத்தி, இரும்புக் கணப்புப் பக்கத்துல குழந்தையைப் படுக்க வெக்கிற மாதிரி வெப்பாங்க. ரெண்டு நாள் ஆகும். அப்புறம் இட்லி வெந்ததும் தணிகாசலம் மாமா கதவைத் தட்டுவாரு, டொக் டொக். "தங்கச்சி, வாசனை எங்க வீட்டுக்கு வந்துருச்சு, நானும் வந்துட்டேன்"ம்பாரு. பத்து இட்லி சாப்பிடுவாரு. சாப்டுட்டு சும்மா போக மாட்டாரு. ரேஷன் பெட்டி மூடில கயித்தைக் கட்டி, அதுல என்னையும் அஞ்சலையையும் உக்கார வெச்சுத் தெரு முழுக்க இழுத்துக்கிட்டு ஓடுவாரு. சர்ர்ர்ருன்னு போகும். பனி மூஞ்சில அடிக்கும். எங்கப்பா ரொம்பப் பேச மாட்டாரு, கணப்பு ஓரமா உக்காந்து காலுறை தைப்பாரு. எனக்கு மாமாவைத்தான் ரொம்பப் பிடிக்கும். அதை அப்பா கிட்டயே சொல்லிருக்கேன் பாரு.

"அப்பா திட்டலையா?"

சிரிச்சாரு. "எனக்கும் அவனைத்தான் பிடிக்கும்"னாரு.

அப்புறம் ஒரு மழைக்காலம் முடிஞ்சு சண்டை வந்துச்சு. எல்லைல. காலைல எழுந்து பாத்தா தெரு முழுக்க லாரி, டுர்ர்ர் டுர்ர்ர்னு. அப்பாவும் மாமாவும் ஒரே லாரில ஏறுனாங்க. மாமா மேலருந்து கத்துறாரு, "தங்கச்சி, மாவைப் பொங்க வெச்சிரு, வந்துர்றோம்!" அப்பா கை மட்டும் ஆட்டுனாரு. லாரி போச்சு. தெருவுல ஆம்பளைங்களே இல்ல. பொம்பளைங்க, குழந்தைங்க, ரெண்டு மூணு காவக்காரங்க, அவ்ளோதான்.

அப்போ ராத்திரி பகல் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் குமுக் குமுக்னு சத்தம் கேக்கும். ஜன்னல் கண்ணாடி கடகடங்கும். அம்மா, "இடி"ம்பாங்க. வானத்துல ஒரு மேகம் இருக்காது.

தூங்கிட்டியா?

"இல்ல. ம்."

பத்து நாள் போச்சு. அப்போ ஒரு ஜீப் வந்துச்சு. கிர்ர்ர்னு மேடேறி வந்து, எங்க வரிசைல அஞ்சாம் நம்பர் வீட்டு வாசல்ல நின்னுச்சு. அதுலருந்து ஒரு ஆபீசர் இறங்குனாரு. இறங்குனதும் தலைல இருந்த தொப்பியக் கழட்டிக் கைல வெச்சுக்கிட்டாரு. கதவைத் தட்டுனாரு. உள்ள போனாரு. அப்புறம் உள்ள இருந்து ஒரு அலறல். பஞ்சாபிக்காரம்மா. அந்த வீட்டுப் பசங்க ரெண்டு பேரும் தெருவுல எங்களோட பனில உருண்டுக்கிட்டு இருந்தவங்க. அப்படியே நின்னுட்டாங்க.

நாலு நாள் கழிச்சு ஜீப் திரும்ப வந்துச்சு. நாங்க விளையாட்டை விட்டுட்டுப் பாத்துக்கிட்டே நிக்கறோம். ஒவ்வொரு வீட்டு ஜன்னல்லயும் ஒரு பொம்பளை முகம். ஜீப் மெதுவாப் போகுது. ஒவ்வொரு வீடாத் தாண்டத் தாண்ட அந்தந்த ஜன்னல்ல இருக்கறவங்க மூச்சு விடறாங்க. கடைசி வீட்டுல போய் நின்னுச்சு. கூர்க்கா வீடு. ஆபீசர் தொப்பியக் கழட்டுனாரு.

அன்னிக்குத்தான் அஞ்சலை என்னைத் தனியாக் கூப்பிட்டா. "ஏய், அந்த ஆபீசர் எதைப் பாத்து வீட்டைக் கண்டுபிடிக்கறாரு?"

"நம்பரைப் பாத்து."

"நம்பர் இல்லன்னா?"

நான் யோசிச்சேன். "திரும்பிப் போயிடுவாரு."

அவ்ளோதான். அவங்க வீட்டுலருந்து மண்ணெண்ணெய், எங்க வீட்டுலருந்து பழைய துணி. கதவு மேல வெள்ளைப் பெயிண்டுல எழுதிருக்கும் நம்பர். தேய் தேய்னு தேய்ச்சோம். முதல் நாள் எங்க ரெண்டு வீடு. ரெண்டாம் நாள் எங்க வரிசை பூரா. மூணாம் நாள் அவங்க வரிசை. விரலெல்லாம் வெடிச்சுப் போச்சு. பதினாறு வீட்டுலயும் ஒரு நம்பர் இல்ல. பொம்பளைங்க பாத்தாங்க கண்ணு. ஒருத்தங்களும் ஏன்னு கேக்கல. ஒரு மராட்டி அம்மா உள்ள போயி வேற துணி கொண்டாந்து குடுத்தாங்க.

"அப்புறம் ஜீப் வரலையா?"

வந்துச்சு.

மூணாவது தடவை. மத்தியான வேளை. நான் உள்ள சோறு தின்னுக்கிட்டு இருந்தேன். கிர்ர்ர்னு சத்தம். தட்டைப் போட்டுட்டு ஜன்னலுக்கு ஓடுனேன். ஜீப் தெரு முனைல நிக்குது. ஆபீசர் புதுசு, அந்த ஊருக்கு வந்து ஒரு வாரம்தான் ஆச்சாம். கைல ஒரு காகிதம். இப்பிடிப் பாக்கறாரு, அப்பிடிப் பாக்கறாரு, நம்பர் எதுவும் இல்ல. போயிடு, போயிடு, போயிடுன்னு மனசுக்குள்ள சொல்றேன்.

தெருவுல அப்போ இருந்தது அஞ்சலை ஒருத்திதான். தண்ணி வாளியோட நின்னா. ஆபீசர் அவளைக் கூப்பிட்டு என்னமோ கேட்டாரு. எனக்குக் கேக்கல. அவ அசையாம நிக்கறா. அவரு திரும்பக் கேட்டாரு. அப்போ அவ கையைத் தூக்கி எங்க வீட்டைக் காட்டுனா.

"ம்... எதுக்குக் காட்டுனா?"

கேளு. ஜீப் வந்து எங்க வாசல்ல நின்னுச்சு. பூட்ஸ் சத்தம், சரக், சரக், சரக். அம்மா கதவைத் திறந்தாங்க. அவரு தொப்பியக் கழட்டுனாரு. அவ்ளோதான் பண்ணாரு. அம்மா அப்படியே மடிஞ்சு தடால்னு விழுந்தாங்க. சுவத்துல தலை இடிச்சுது. நான் போய் அம்மாவைப் பிடிச்சேன், தூக்க முடியல. அழுகையும் வரல. ஒண்ணு மட்டும் தோணுச்சு. அப்பா கிட்ட மாமாவைத்தான் பிடிக்கும்னு சொல்லிட்டேனே, இனிமே அதை எப்பிடி மாத்திச் சொல்றதுன்னு.

அப்போ வெளிய வாளி உருண்டுச்சு, கடகடகடன்னு. அஞ்சலை ஓடி வர்றா. செருப்பு இல்ல. மூச்சு வாங்குது. ஆபீசர் சட்டையப் பிடிச்சு இழுத்து அவருக்குப் புரியற மாதிரி இந்தில சொல்றா. "சாப், இது இல்ல. நான் பொய் சொன்னேன். தணிகாசலம் வீடு இது இல்ல. எதிர் வீடு. எங்க வீடு."

கிழக்கும் மேற்கும் தெரியாத எட்டு வயசுப் பொண்ணு. அவ சொல்லாம இருந்திருந்தா இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் அவளுக்கு அப்பா இருந்திருப்பாரு. எங்கம்மா விழுந்ததைப் பாத்துட்டு அவளால நிக்க முடியல.

"ம்."

அப்போ பெரியம்மா ஒண்ணு பண்ணேன் கண்ணு. இதை நான் உங்க அம்மா கிட்டக்கூட சொன்னது இல்ல. அவ "இது இல்ல"ன்னு சொன்னதும் நான் சிரிச்சேன். வாய் விட்டு. கையத் தட்டி. "அம்மா, அப்பா இல்லம்மா! நம்ம அப்பா இல்ல!"ன்னு குதிச்சேன். தலையத் தூக்கிப் பாக்கறேன், அஞ்சலை என்னையே பாத்துக்கிட்டு நிக்கறா.

அம்மா எழுந்தாங்க. நெத்தில ரத்தம். அஞ்சலையத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டாங்க, அவ்ளோ உசரப் பொண்ண. வெறுங்கால்ல பனில நடந்து எதிர் வீட்டுக்குப் போனாங்க. ஆபீசர் பின்னாலயே போனாரு. கதவு திறந்துச்சு. அஞ்சலை அம்மா, கன்னியம்மா அத்தை, கரண்டியோட நிக்கறாங்க. எங்கம்மா, "அண்ணி..."ன்னாங்க. அதுக்கு மேல நான் பாக்கல. எங்க வீட்டுக் கதவுக்குப் பின்னால போயி நின்னுக்கிட்டேன்.

அப்புறம் அவங்க பதினஞ்சு நாள் இருந்தாங்க. பட்டாளத்துக்காரர் இல்லாத வீட்டுல பட்டாளத்துக் குடும்பம் ரொம்ப நாள் இருக்க முடியாது. அம்மா மூணு வேளையும் அங்கதான். சமைச்சுக் குடுப்பாங்க, அத்தைக்குத் தலை வாரி விடுவாங்க. என்னைக் கூப்பிடுவாங்க. நான் போக மாட்டேன். வயித்த வலிம்பேன், தலைவலிம்பேன். பள்ளிக்கூடத்துல கடைசி வரிசைல தனியா உக்காந்தேன்.

கிளம்பற அன்னிக்குக் காலைல லாரி வந்துச்சு. ரெண்டு தகரப் பெட்டி, ஒரு பாய்ச்சுருட்டு. அத்தைய முன்னால உக்கார வெச்சாங்க. அஞ்சலை ஏறாம என் கிட்ட வந்தா.

"உங்க வீட்டக் காட்டுனது நான்தான்."

"தெரியும். ஜன்னல்ல பாத்தேன்."

"உங்க அப்பாவுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் நெனச்சேன். ஆனா கை அப்பிடிப் போயிருச்சு."

அப்புறம் அவளே சொன்னா. "நீ சிரிச்ச."

"ஆமா."

"நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன்"ன்னா.

அப்புறம்தான் எனக்கு அழுகை வந்துச்சு. ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதோம். டிரைவர் ஹாரன் அடிச்சான், பாம் பாம்னு. அவ ஏறிட்டா. லாரி வளைவுல திரும்பற வரைக்கும் நான் நின்னேன். கை ஆட்டலாம்னு தோணவே இல்ல. அவளும் ஆட்டல.

"உங்க அப்பா வந்தாரா?"

வந்தாரு. ஒரு மாசம் கழிச்சு. சண்டை நின்னுருச்சு. லாரி வந்து நிக்குது, தெருப் பசங்க எல்லாம் ஓடுது. மேளம் அடிக்கறாங்க, டம் டம்னு. அப்பா இறங்குனாரு. தாடி, கன்னம் ஒட்டி, வேற ஆள் மாதிரி. என்னைப் பாத்தாரு. அம்மாவைப் பாத்தாரு. ஆனா எங்க கிட்ட வரல. நேரா எதிர் வீட்டுக்குப் போனாரு. அது பூட்டிக் கிடக்குது. பூட்டைக் கையால தொட்டுப் பாத்துட்டு வாசப்படில உக்காந்தாரு. நான் மெதுவாப் போயி பக்கத்துல உக்காந்தேன்.

"எப்போ போனாங்க?"ன்னாரு.

"போன மாசம்பா."

"புள்ள சாப்டுச்சா, போறப்ப?"

எனக்குத் தெரியல கண்ணு. அவ சாப்டுட்டுப் போனாளா இல்லையான்னு நான் கேக்கவே இல்ல. "தெரியலப்பா"ன்னேன். அப்பா முகத்தைத் துண்டுல மூடிக்கிட்டாரு. அவர் அழுது நான் பாத்தது அதான் முதல் தடவை. நாங்க ரெண்டு பேரும் இருட்டற வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தோம். அம்மாவும் கூப்பிடல.

"அஞ்சலைய அப்புறம் பாத்தீங்களா பெரியம்மா?"

இல்லடா. அப்பா ரெண்டு கடுதாசி போட்டாரு. ஒண்ணுக்குப் பதில் வந்துச்சு, அஞ்சாவது சேந்துட்டா, அத்தை தீப்பெட்டி ஒட்டற வேலைக்குப் போறாங்கன்னு. அப்புறம் எங்களுக்கு வேற ஊரு, வேற நம்பர். அவங்களும் வீடு மாறிட்டாங்க போல. கல்யாணம் ஆனப்புறம் ஒரு தடவை குடியாத்தம் போயி தெருத் தெருவா விசாரிச்சேன். தணிகாசலம்னு பேரு சொன்னா, "எந்தத் தணிகாசலம்?"னு கேக்கறாங்க. பட்டாளத்துல செத்துப் போனவருன்னேன். "இங்க வீட்டுக்கு வீடு பட்டாளம், எத்தனையோ பேரு போயிருக்காங்கம்மா"ன்னு ஒரு பெரியவர் சொன்னாரு. அவரு வீட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு பஸ் ஏறிட்டேன்.

"ம்..."

அவளுக்கும் இப்போ என் வயசுதான் இருக்கும். எங்கயாவது நல்லா இருப்பா.

கண்ணு?

தூங்கிட்டியா... சரி, தூங்கு. "ம்" நின்னுருச்சு, கதையும் நின்னுருச்சு.