யாரும் கட்டாத தரை

ஏரிக்குக் கீழே ஓர் ஊர். ஏரிக்கரையிலிருந்து ஆறு வரை அதன் நடுவே ஒரு வெற்றுத் தரை நீண்டு கிடந்தது. இரு பக்கமும் வீடுகள். அந்தத் தரையில் மட்டும் ஒரு குடிசைகூட இல்லை. பகலில் ஆடுகள் மேயும். பொழுது சாய்ந்தால் நாய்கூட அதைக் குறுக்கே கடக்காது.

நகரங்களை வடிவமைப்பதில் பேர்பெற்ற வடிவாம்பாள் அந்த ஊரில் இருந்தார். செங்கோடர் அவருடைய சீடர். வயது சீடருக்குத்தான் கூடுதல். பாதி வாழ்நாளை நில அளவையில் கழித்துவிட்டு வந்தவர்.

வணிகர் ஒருவர் அந்தத் தரையில் கடைத்தெரு கட்ட அனுமதி கேட்டார். அங்கே யாரும் எக்காலத்திலும் கட்டக்கூடாதென்று சட்டம் வேண்டும் என்று செங்கோடர் ஊர்மன்றத்தில் வாதாடினார். மேடு பள்ளங்களை வரைந்து காட்டினார்.

"ஏரி நிரம்பினால் தண்ணீர் போக வேறு வழி இல்லை."

"ஏரி நிரம்பி எத்தனை காலம் ஆயிற்று?" என்றார் மன்றத் தலைவர். யாரோ கொட்டாவி விட்டார். பேச்சு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

அன்று அந்தியில் செங்கோடர் தனியாக அந்தத் தரையில் போய் நின்றார். காற்று அசையவில்லை. ஆனால் காலுக்கடியில் ஏதோ நகர்ந்தது. குனிந்து காதை வைத்தார். மண்ணுக்குள் பலபேர் முணுமுணுப்பது போல இருந்தது. எதிர்வீட்டுப் பெண் அலர்மேல், அவரைப் பார்த்ததும் சன்னலைச் சாத்தினாள்.

அவர் வேர்த்துப்போய் ஆசிரியையிடம் வந்தார்.

"அம்மா, அங்கே என்ன இருக்கிறது?"

"ஏரித் தண்ணீர். மண்ணுக்கடியில் ஆற்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது."

"ஊரார் பேய் என்கிறார்கள்."

"நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள்?"



அடுத்த கூட்டத்துக்குச் செங்கோடர் வரைபடம் எதையும் கொண்டுபோகவில்லை. "அந்தியில் அங்கே நின்றேன். காலுக்குக் கீழே குரல்கள் கேட்டன. இதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள்" என்றார்.

தலைவரின் முகம் வெளுத்தது. மறுபேச்சில்லாமல் சட்டம் நிறைவேறியது.

செங்கோடர் மகிழ்ச்சியோடு வந்து சொன்னார். வடிவாம்பாள் கேட்டுக்கொண்டார். பிறகு தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

வணிகர் சும்மா இருக்கவில்லை. வெளியூரிலிருந்து ஒரு மந்திரவாதியை அழைத்து வந்தார். உடுக்கை அதிர்ந்தது, பூசணிக்காய் உடைந்தது. பேயை ஆணியில் இறக்கிப் புளியமரத்தில் அறைந்துவிட்டேன் என்றான் அவன். அடுத்த கூட்டத்திலேயே சட்டத்தை நீக்கினார்கள்.

"இனி உங்களுக்கும் பயமில்லையே?" என்று தலைவர் செங்கோடரிடம் சிரித்தார்.

அஸ்திவாரம் தோண்டினார்கள். கடும் கோடை. ஆனாலும் குழியில் கறுப்பாக நீர் ஊறியது. இறைக்க இறைக்க ஊறியது. வேலையாட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்தியில் ஊரார் குழியைச் சுற்றி நின்றார்கள். யாரும் தொடாமலே தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது.

ஆசிரியையும் சீடரும் அங்கே வந்தபோது அலர்மேல் ஓடிவந்தாள்.

"ஐயா, பேய் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது! நீங்கள்தானே அன்றைக்குக் கேட்டீர்கள்? மன்றத்தில் இன்னொரு தடவை சொல்லுங்கள்."

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். ஆமாம் என்று தலையசைத்தால் போதும். செங்கோடர் ஆசிரியையைப் பார்த்தார். அவர் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை தங்கச்சி. அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை. இது தண்ணீர். ஏரி நிரம்பினால் இந்த வழியாகத்தான் வரும். வழியில் கடை நின்றால் உங்கள் வீட்டுக்குள் வரும்."

"ஊரையே ஏமாற்றினாயா?" என்று ஒருவன் காறித் துப்பினான். கூட்டம் கலைந்தது. செங்கோடர் தலைகுனிந்து நின்றார்.

அலர்மேல் மட்டும் போகவில்லை. "என் வீட்டில் எதுவரைக்கும் வரும்?"

அவர் அவள் வீட்டுக்குள் போய்ச் சுவரில் ஒரு கோடு கிழித்தார். கோட்டுக்குக் கீழே தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள்.

செங்கோடர் வீடு வீடாகக் கோடு கிழித்தார். மன்றத்தில் அவரைப் பேசவிடவில்லை. அந்த வீடுகளின் ஆட்கள் பேசினார்கள். தலைவர் கூட்டத்தைத் தள்ளிவைத்தார். அவர்கள் மறுபடி வந்தார்கள். வணிகருக்குச் சந்தைப்பக்கம் வேறு இடம் ஒதுக்கினார்கள். குழியை மூடினார்கள். கடைசியில் ஒரே ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றுச் சட்டம் மீண்டும் வந்தது.

அந்த ஐப்பசியில் ஏரி நிரம்பி வழிந்தது.

வீடுகளுக்கு நடுவே தண்ணீர் வந்தது. பெருங்கூட்டம் ஒன்று வெறுங்காலோடு, ஒரு வார்த்தை பேசாமல் நடந்து போவது போலப் போனது. இரு பக்கமும் மக்கள் வாசற்படியில் நின்று பார்த்தார்கள். ஒரு குழந்தைகூட அழவில்லை.

செங்கோடர் மெல்லக் கேட்டார்.

"அம்மா, பேய் என்றேன், ஒரே மூச்சில் சட்டம் வந்தது. தண்ணீர் என்றேன், ஏச்சு வாங்கினேன், தெருத்தெருவாக அலைந்தேன். மக்கள் பேய்க்குத்தானே சீக்கிரம் செவிசாய்க்கிறார்கள்?"

வடிவாம்பாள் இருட்டில் போய்க்கொண்டிருந்த தண்ணீரைக் காட்டினார்.

"பேயை ஓட்ட ஆள் கிடைப்பான், செங்கோடரே. இதை ஓட்டச் சொல்லுங்கள், பார்ப்போம்."