சோமவாரம் இருந்த கஞ்சாச் செடி

சுண்டைக்காட்டு மடத்தில் நாலு தலைகள் இருந்தன. நாலையும் உடைத்துக் கொட்டினாலும் ஒரு கரண்டி மூளை தேறாது. பெரிய தலை ஏகாம்பர அடிகள். அவருக்குச் சீடர்கள் தாண்டவன், குப்பண்ணன், சிற்றம்பலம்.

கஞ்சாவுக்குத் தடை வராத காலம் அது. மடத்துத் தோட்டம் ஜமீனுக்குச் சொந்தம். மாசி பிறந்தால் ஜமீன் வைத்தியரின் லேகியத்துக்கு ஒரு கூடை கஞ்சாப் பூ கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் நிலம் போச்சு. அதை விட்டால் இந்த நாலு பேருக்கும் சோறு போட உலகத்தில் வேறு யாருக்கும் பைத்தியம் பிடித்திருக்கவில்லை.

பூ முற்றும் சமயத்தில் ஜமீன் காரியஸ்தர் தெய்வசிகாமணி வந்து பார்த்தார்.

"சாமி, இனிமே எருப் போடாதீங்க. வெறும் தண்ணி போதும். வேண்டிய சத்தைச் செடி இலையில சேத்து வெச்சிருக்கு. அதை எடுத்துத் தின்னுதான் பூ முத்தும். இலை மஞ்சளாகும், பயப்படாதீங்க. நான் வந்து அறுத்துக்கிறேன்."

சாப்பாடு கிடையாது, தண்ணீர் மட்டும். மடத்துக்காரர்களுக்கு இது புரியாதா என்ன?

"செடிங்க விரதம் இருக்குதுடா!" என்று அடிகள் கண்கலங்கினார்.

தினமும் செடிகளுக்குத் திருநீறு பூசினார்கள். தாளிக்கிற வாசனை பட்டால் விரதக்காரர்களுக்கு நாக்கு ஊறுமே என்று அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார்கள். சோறு வெந்து மடம் வந்து சேர்வதற்குள் பழையதாகிவிடும்.

ஒருநாள் அடியிலைகள் மஞ்சளாயின. குப்பண்ணன் தலைதெறிக்க ஓடி வந்தான்.

"சாமி, மோசம் போனோம்! செடி திருட்டுத்தனமாத் தின்னுது!"

"எதைடா?"

"இலையில ஒளிச்சு வெச்சதை! காரியஸ்தர் அன்னைக்கே சொன்னாரே, நமக்குத்தான் உறைக்கல. சோமவார விரதத்துக்கு நான் கோவணத்துல அவல் முடிஞ்சு வெக்கிறதில்லையா? அதே வேலை!"

"அடப்பாவி! போன சோமவாரமுமா அவல் தின்னே?"

"சேச்சே. அது பொரி, சாமி."

மரத்தடியில் சபை கூடியது. விரதம் கெட்ட பூவை லேகியத்தில் கிண்டினால் பாவம் ஜமீன்தாருக்கா, வைத்தியருக்கா என்று பொழுது சாயும்வரை வாதம் நடந்தது. இரண்டு பேருக்கும் பாதிப் பாதி என்று முடிவாயிற்று.

"கட்டுச்சோத்தைப் பிடுங்கிட்டா வம்பே இல்ல," என்றான் தாண்டவன்.

ஒரு இலை விடாமல் உருவி வேலிக்கு வெளியே எறிந்தார்கள். "இப்ப எதைத் தின்னுவே? தின்னு பாக்கலாம்!" என்று சிற்றம்பலம் மொட்டைக் குச்சியைப் பார்த்துப் பல்லைக் கடித்தான்.

பூ தேங்காய் நார் மாதிரி சுருங்கிப் போயிற்று. வேலிக்கு வெளியே மடத்து ஆடு அத்தனை இலையையும் மேய்ந்துவிட்டு, அரைக்கண் மூடி, தாடை ஆடாமல் கிடந்தது. அடிகளுக்கே இதுவரை அப்படி ஒரு நிஷ்டை கூடியதில்லை.

காரியஸ்தர் கூடையோடு வந்தார்.

"இலையெல்லாம் எங்கய்யா?"

"பறிச்சுட்டோம். விரதம் பரிசுத்தமா முடிஞ்சுது," என்றார் அடிகள் பெருமையாக.

காரியஸ்தர் குச்சியைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். "பூவுக்குப் போக வேண்டிய சத்தெல்லாம் ஆட்டு வயித்துல கிடக்கு! உங்களுக்கு நிலம் ஒரு கேடா? சாயங்காலத்துக்குள்ள நடையைக் கட்டுங்க!"

அவர் தலை மறைந்ததும் மறுபடி சபை.

"நிலத்துச் சத்து எங்கடா போச்சு?" என்று அடிகள் ஆரம்பித்தார்.

"செடிக்கு, சாமி."

"செடிச் சத்து?"

"இலைக்கு."

"இலை?"

"ஆட்டுக்கு."

"அப்போ நம்ம நிலம் இப்ப எங்க இருக்கு?"

"ஆட்டுக்குள்ள!" என்றார்கள் மூன்று பேரும்.

"ஜமீன்தார் கையில?"

"வெறும் மண்ணு!"

விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏமாந்த ஜமீன்தாருக்காக அடிகள் கொஞ்சம் பரிதாபமும் பட்டார். அவருக்கு விஷயம் தெரிவதற்குள் தப்பிவிட வேண்டுமென்று, ஆட்டுக்கு மாலை போட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள்.

ஊர் எல்லை தாண்டியதும் ஆடு வாலைத் தூக்கிப் பொலபொலவென்று புழுக்கை போட்டது.

"ஐயோ, கீழண்டை மூலை போச்சே!" என்று அலறினார் அடிகள். "ஒண்ணு விடாமப் பொறுக்குங்கடா! அடுத்த பங்காளி அமுக்கிடப் போறான்!"

காவித் துண்டை விரித்து மூன்று பேரும் பொறுக்கினார்கள். "இது வரப்பு, தனியா வை," என்று குப்பண்ணன் ஒன்றை ஒதுக்கினான். அதற்குள் ஆடு நின்ற இடத்திலேயே பின்னங்காலை அகட்டியது.

சிற்றம்பலம் கூவினான்: "சாமி, கமண்டலத்தைக் குடுங்க, சீக்கிரம்! கிணறு வருது!"