துண்டில் முடிந்த நட்சத்திரம்

“டீச்சரம்மா, நான் ஊருக்கே போயிடறேனுங்க” என்றான் மாதையன்.

மலைமேல் ஒரு தொலைநோக்கியை வைத்துக்கொண்டு, ஏறி வந்தவர்களுக்கெல்லாம் வானம் படிக்கச் சொல்லிக் கொடுத்தவள் நிலவழகி. வயது முப்பத்திரண்டு. பாடம் கேட்க வந்த மாதையனுக்கு நாற்பத்தெட்டு. கேழ்வரகு விதைத்துக் காய்த்துப்போன கை.

“ஏண்ணா, சோறு சரியில்லையா?”

“சோத்துக்கு என்னங்க குறைச்சல். மூணு வருஷமா ஒரே நட்சத்திரத்தைப் படம் எடுத்து, மயிரிழை மயிரிழையா அளந்துக்கிட்டுக் கெடக்கேன். நேத்து என்னடான்னா, சூரியனே ஒரு தூசுன்னுட்டீங்க. சூரியனே தூசுன்னா நான் யாரு? என் மச்சான் கேட்கிறான், வானத்துல எத்தனை மூட்டை வெள்ளாமை எடுத்தீங்க மாமான்னு.”

நிலவழகி அடுப்படிக்குள் போனாள். இரண்டு கேழ்வரகு மணியோடு வந்தாள்.

ஒன்றை வாசல் கல்லில் வைத்தாள்.

“இது சூரியன்.”

அதிலிருந்து ஒரு சாண் அளந்து விரலை ஊன்றினாள்.

“இங்கே பூமி.”

மாதையன் குனிந்து பார்த்தான்.

“ஒண்ணும் காணோமே?”

“கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவு பொடி.”

“அப்போ நான்?”

“அந்தப் பொடியிலதான் எங்கேயோ இருக்கீங்க. தேடாதீங்க.”

இரண்டாவது மணியை அவன் உள்ளங்கையில் போட்டாள்.

“இது சூரியனுக்கு அடுத்த நட்சத்திரம். நீங்க படம் எடுக்கறீங்களே, அதேதான். இதை வைக்க வேண்டிய இடம் கொம்புக்காடு. என் நாத்தனார் கெம்பம்மா வீட்டு வாசல். நாற்பத்தைந்து கிலோமீட்டர். உங்க ஊருக்குப் போற வழிதானே, வெச்சுட்டுப் போங்க.”

“பஸ்ஸுல போலாமுங்களா?”

“நடந்து.”

நட்சத்திரத்தைத் துண்டு முனையில் முடிந்துகொண்டு மாதையன் மலை இறங்கினான்.

முதல் பத்து கிலோமீட்டரைக் கோபத்தில் நடந்தான். அடுத்த பத்தைக் கால் வலியில் நடந்தான். புளியமரம் வந்தது, ஆட்டு மந்தை வந்தது, கல்யாண மண்டபம் வந்தது. கணக்குப்படி இதில் எதுவுமே இருக்கக் கூடாது. அங்கே ஒரு மணி, இங்கே ஒரு மணி. நடுவில் வெறும் வெளி.

டீக்கடையில் உட்கார்ந்தான். கடைக்காரர் முடிச்சையே பார்த்தார்.

“துண்டுல என்னண்ணா, மூக்குத்தியா?”

“நட்சத்திரம்.”

“பார்த்து. சட்டையைப் பொசுக்கிடப் போகுது.”

இருட்டினதும் ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் படுத்தான். விடிந்ததும் நடந்தான். உச்சி சாய்கிற நேரத்துக்குக் கொம்புக்காடு வந்தது.

கெம்பம்மா வாசலில் உட்கார்ந்து முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

“மலையிலேர்ந்தா? உட்காருப்பா” என்றாள், எதற்கு வந்தாய் என்று கேட்காமலே.

மாதையன் முடிச்சை அவிழ்த்து உதறினான். ஏழு மணி உருண்டன.

கேழ்வரகுக்காரன் துண்டு. போன அறுப்புக்கு ஊருக்குப் போனவன் அதை வைத்துத்தான் களத்தைத் தட்டியிருந்தான். மடிப்பில் தங்கியதெல்லாம் இப்போது வெளியே வந்துவிட்டது.

“இதுல எதுங்க டீச்சரம்மா கொடுத்தது?”

அவன் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பதற்குள் ஒரு கோழி வந்து ஏழையும் கொத்திவிட்டுப் போனது.

மாதையனுக்கு முகம் செத்துவிட்டது.

கெம்பம்மா சிரித்த சிரிப்பில் முறம் குலுங்கியது. “விடுப்பா. அவ அனுப்பற நட்சத்திரத்தையெல்லாம் இதுதான் தின்னுது. உனக்கு முன்னாடி ரெண்டு பேரு வந்தாங்க. வெச்சாங்க, மோர் குடிச்சாங்க, அவங்கவங்க ஊருக்குப் பஸ் ஏறிட்டாங்க. இந்தா.”

முறத்திலிருந்து ஒரு மணியும், உள்ளேயிருந்து ஒரு சொம்பு மோரும் கொடுத்தாள். அவன் மணியை வாசற்படியில் வைத்தான். மோரைக் குடிக்கத் தூக்கினான்.

“அது சரி, வர்றவங்கெல்லாம் நாற்பத்தைந்து கிலோமீட்டருங்கறாங்களே, அதை யாரு கண்டது? யாராச்சும் அந்த நட்சத்திரம் வரைக்கும் போயிட்டு வந்தாங்களா?”

“நிலாவைத் தாண்டி மனுஷன் போனதே இல்லீங்கக்கா. இந்தக் கணக்குல நிலா, பூமிப் பொடிக்கு ஊசி முனை தூரம்.”

“ஊசி முனையைத் தாண்டாதவன் நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொல்றானாக்கும். புளுகு.”

சொம்பு கீழே இறங்கியது.

“என்னக்கா இப்படிச் சொல்லிட்டீங்க? விரலை மூக்குக்கு நேரா நீட்டுங்க.”

நீட்டினாள்.

“ஒரு கண்ணை மூடுங்க. இப்போ அதைத் திறந்து மறு கண்ணை மூடுங்க. விரல் நகருதா?”

“நகருது.”

“கையைத் தள்ளி நீட்டுங்க.”

“நகருது. ஆனா கம்மி.”

“அவ்வளவுதான் சங்கதி. எவ்வளவு நகருதுன்னு தெரிஞ்சா எவ்வளவு தூரம்னு தெரிஞ்சுடும்.”

முறத்திலிருந்து இன்னொரு மணியை எடுத்துத் தரையில் வைத்தான். அதற்கு இந்தப் பக்கம் ஒரு சாண் அளந்து கோடு கிழித்தான். அந்தப் பக்கம் ஒரு சாண் அளந்து கோடு கிழித்தான்.

“பூமி சூரியனைச் சுத்துது. மாசியில இங்கே நிக்குது. ஆவணியில அங்கே நிக்குது. இது ஒரு கண்ணு, அது ஒரு கண்ணு. ரெண்டு இடத்துல இருந்தும் அந்த நட்சத்திரத்தைப் படம் எடுத்தோம். பின்னாடி இருக்கற நட்சத்திரமெல்லாம் அப்படியே நிக்க, அது மட்டும் நகர்ந்துச்சு.”

“அம்மாந்தூரத்துக் கேழ்வரகு எவ்வளவுப்பா நகரும்?”

“மயிரிழை. அதுலயும் கால்வாசி.”

“அதையா அளந்தீங்க? கை நடுங்காதா?”

“நடுங்கும். மூச்சைப் பிடிச்சுக்கணும். ஒரு படத்தை நூறு தடவை அளக்கணும்.”

“யாரு அளந்தது, டீச்சரம்மாவா?”

“நான்தான்.”

சொன்னவன் நிமிர்ந்தான். தன் வாயிலிருந்து வந்ததை வேறு யாரோ சொன்ன மாதிரி கேட்டுக்கொண்டிருந்தான்.

கெம்பம்மா தரையில் இருந்த இரண்டு கோடுகளையும் பார்த்தாள். அவன் நடந்து வந்த ரோட்டைப் பார்த்தாள். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

“ஏ சின்னத்தாயி, கொஞ்சம் வந்துட்டுப் போ. ரெண்டு சாணைத் தாண்டாமலே மலை வரைக்கும் அளந்த ஆளு நம்ம வாசல்ல நிக்குது.”

மாதையன் வேட்டியை மடித்துக் கட்டினான்.

“கிளம்பிட்டியா? ஊருக்குப் போற பஸ்ஸு நாலு மணிக்குத்தான்” என்றாள் கெம்பம்மா.

“எங்க ஊருக்கு யாருக்கா போறா? ஆவணி பொறக்கப் போகுது. மலையில வேலை கெடக்கு.”