மூடி வைத்த புல்

"இந்த வருஷம் பனி முந்திக்கும் போலிருக்கு. காத்துல இப்பவே அந்த வாடை வருது."

வடக்கேயிருந்து வந்து குளத்தங்கரைப் பாறையில் இறங்கிய வாலாட்டிக் குருவி ஒன்று தன் துணையிடம் இப்படிச் சொன்னது. "நமக்கென்ன, பூச்சி கிடைச்சா சரி" என்றது துணை. இரண்டும் வாலை ஆட்டியபடியே பறந்துபோயின.

பாறைக்குப் பின்னால் காதைச் சொறிந்துகொண்டிருந்தது ஒரு முயல். அதன் பெயர் மொச்சை. குருவி சொன்னதைக் கேட்டதும் சொறிந்த கால் அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது.

மலை உச்சியில், சோலைக்காட்டை ஒட்டிக் கிடந்த அந்தப் புல்வெளிதான் அங்குள்ள விலங்குகளுக்கெல்லாம் சோறு. அங்கே பனி மார்கழியில்தான் இறங்கும். அதற்குள் எல்லோரும் சேர்ந்து புல்வெளியைத் தயார் செய்துவிடுவார்கள். ஐப்பசி மழை விட்டதும் உதிர்ந்த சருகை ஒதுக்குவார்கள். நெடிய புல்லை மேய்ந்து குட்டையாக்குவார்கள். கார்த்திகை முழுக்க மிலார் என்ற புதர்ச் செடிகளையும் பெரணித் தழையையும் ஒடித்துவந்து ஓரமாகக் குவிப்பார்கள். பனி தொடங்கிவிட்டால் சாயங்காலம் அந்தத் தழையால் புல்லை மூடுவார்கள். வெயில் வந்ததும் எடுத்துவிடுவார்கள். மூடாத புல் ஒரே இரவில் கருகிவிடும்.

இப்போதோ ஐப்பசியே முடியவில்லை. சருகைக்கூட யாரும் இன்னும் ஒதுக்கவில்லை.

ஓடிப்போய் எல்லோரிடமும் சொல்லிவிடலாம் என்றுதான் மொச்சை முதலில் நினைத்தது. கொஞ்ச தூரம் தாவியும் போனது. பிறகு நின்றது. அவ்வளவு பெரிய வெளியை மூட இனிமேல் தழைக்கு எங்கே போவது? முக்கி முனகிச் செய்தாலும் பாதியைத்தான் மூட முடியும். அந்தப் பாதியில் கடமான்கள் வாய் வைத்தால் ஒரு முயலுக்கு என்ன மிஞ்சும்?

சொல்லாமல் இருந்துவிட்டால்? குளத்தோரத்துப் பள்ளத்தில் புல் கொழுத்துக் கிடக்கிறது. அதை மட்டும் மூடிவிட்டால், குளிர்காலம் முழுக்கத் தனியாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

அன்றைக்கே மொச்சை வேலையை ஆரம்பித்தது. மிலார்க் கிளைகளைப் பல்லால் கடித்து இழுத்துவந்து பள்ளத்தில் பரப்பியது.

"என்ன மொச்சை, மெத்தை போடறியா? வீட்டுல ஏதும் விசேஷமா?"

குரல் கேட்டு மொச்சை துள்ளி விழுந்தது. கேளையாடு என்ற சின்ன மான் வகையைச் சேர்ந்த செம்பி நின்றுகொண்டிருந்தது. அதன் காலோடு ஒட்டிக்கொண்டு, பால்குடி மறக்காத குட்டி.

மொச்சை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டது. "அதை ஏன் கேக்கறீங்க அக்கா! இந்தப் பள்ளத்துப் புல்லுல பூஞ்சை விழுந்துடுச்சு. வேர் வரைக்கும் அழுகல். திறந்து கிடந்தா மத்த புல்லுக்கும் பரவிடும். அதான் மூடறேன்."

"ஐயோ, நேத்துகூட இங்கதானே மேஞ்சேன்."

"இனிமே வாய் வச்சிடாதீங்க. பிள்ளை பால் குடிக்குது. நீங்க தின்னது அது வயித்துக்கும் போகும்."

செம்பி வெலவெலத்துப் போய்ப் பின்னால் நகர்ந்தது. குட்டியையும் இழுத்துக்கொண்டது. "இத்தனூண்டு உடம்பை வச்சுக்கிட்டு நீ எங்களுக்காக இவ்வளவு பாடுபடறே. நாங்க வேடிக்கை பார்க்கிறோம்."

மொச்சை தலையைக் குனிந்துகொண்டது. செம்பி அதை அடக்கம் என்று நினைத்தது.

ஒரு வாரம்கூடப் போகவில்லை. காலையில் கண் விழித்தால் புல்வெளி முழுக்க வெள்ளை. வெயில் ஏறியதும் வெள்ளை போய்விட்டது, பச்சையும் போய்விட்டது. தீயை மூட்டி அணைத்ததுபோல் புல் கறுத்துக் கிடந்தது.

கடமான்கள் மேயக் குனிந்த தலையைத் தூக்காமல் நின்றன. "நேத்து பச்சையா இருந்துச்சே. நேத்து பச்சையாத்தானே இருந்துச்சு?" என்று செம்பி பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டது. சலங்கை என்ற கிழட்டு முள்ளம்பன்றி ஒரு புல்லைத் தொட்டுப் பார்த்தது. அது பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"ஐப்பசியில பனியா? என் ஆயுசுல பார்த்ததில்லையே" என்றது சலங்கை.

"யாருக்கு அண்ணே தெரியும்?" என்றது மொச்சை.

அன்றே கடமான்கள் கீழ்க்காட்டுக்கு இறங்கிவிட்டன. செம்பியால் போக முடியவில்லை. வழியில் தேயிலைத் தோட்டம். தோட்டத்தில் நாய்கள். குட்டிக்கு அந்த ஓட்டம் ஓடக் கால் வலுக்கவில்லை. சலங்கை மண்ணைக் கிளறிக் கிழங்கு தின்னும் ஜாதி. அதனால் அது எங்கும் போகவில்லை.

பொழுது சாய்ந்ததும் மொச்சை நாக்கில் எச்சில் ஊறப் பள்ளத்துக்குப் போனது. பள்ளத்தின் மூலையில் தழையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, பானையைக் கவிழ்த்தாற்போல் சலங்கை உட்கார்ந்திருந்தது.

"யாரது?"

"நான்தான் அண்ணே, மொச்சை. நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"காவல்! பசிக் கொடுமையில எவனாவது இந்தப் புல்லைத் தின்னுட்டுச் செத்துத் தொலைப்பான்னு செம்பிக்குப் பயம். ராத்திரிக்கு நான், பகலுக்கு அது. நீ பட்ட பாடு போதும், போய்த் தூங்கு."

மறுநாள் காலையில் மொச்சை ஓடிவந்து பார்த்தது. செம்பி பள்ளத்தின்மேல் இன்னும் தழையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, கொஞ்ச நேரம் திறந்துவிடலாமா? வெயில் படட்டுமே."

"நீதானே திறந்தா பரவும்னு சொன்னே?"

"சொன்னேன். ஆனா..."

"உனக்கு இளகின மனசு. இன்னும் அந்தப் புல்லு பிழைச்சுக்கும்னு பார்க்கிறே. அழுகினது அழுகினதுதான், விடு." செம்பி இன்னொரு கிளையை இழுத்துப் போட்டது.

வெயில் படாத புல் என்னவாகும் என்று மொச்சைக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் மற்றதெல்லாம் வெளியே வந்துவிடும். காவல் என்றாவது ஓயும் என்று அது காத்திருந்தது. மரப்பட்டையைக் கொறித்தது. காய்ந்த சருகை மென்றது. அதன் விலா எலும்பு வெளியே தெரிந்தது. செம்பிக்கோ பால் வற்றிக்கொண்டே வந்தது.

ஒருநாள் விடியற்காலையில் செம்பி குட்டியை மூக்கால் முட்டி எழுப்பிக்கொண்டிருந்தது. "எழுந்திரு கண்ணு, கீழ்க்காட்டுக்குப் போயிடலாம்."

"நாய்ங்க இருக்கே, செம்பி!" என்றது, பள்ளத்தில் காவலிருந்த சலங்கை.

"இங்கயே கிடந்தாலும் சாவுதானே அண்ணே. போய்ப் பார்க்கிறேன்."

குட்டி எழுந்தது. முன்னங்கால்கள் மடங்கின. விழுந்தது. மறுபடி எழுந்தது, மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை எழவே இல்லை. தாயை மட்டும் பார்த்தது.

மொச்சையால் அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பாய்ந்து பள்ளத்தில் இறங்கித் தழைகளைக் கடித்து இழுக்க ஆரம்பித்தது.

"டேய், டேய்! என்னடா பண்றே?" என்று சலங்கை கத்தியது.

"கீழே நல்ல புல் இருக்கு அண்ணே. பூஞ்சையெல்லாம் நான் கட்டின கதை. குட்டிக்குக் குடுங்க!"

"பசி இதுக்குத் தலைக்கேறிடுச்சு" என்றது சலங்கை.

கடைசி அடுக்குத் தழை விலகியது. குப்பென்று நாற்றம் அடித்தது. கீழே புல் மஞ்சளாகி, குழைந்து, சேறாகக் கிடந்தது. அதன்மேல் பஞ்சு படர்ந்ததுபோல் வெள்ளைப் பூஞ்சை. மொச்சை அன்றைக்கு எப்படிச் சொன்னதோ அப்படியே, வேர் வரைக்கும் அழுகல்.

மொச்சை அதையே பார்த்துக்கொண்டு நின்றது.

செம்பி மெல்ல அருகில் வந்தது. "பார்த்தியா? நீ சொன்னது சரிதான். என் பிள்ளை படற பாட்டைப் பார்த்து உன் மனசு என்னென்னமோ நினைக்குது. போகட்டும், விடு." வறண்ட நாக்கால் மொச்சையின் தலையை நக்கிக் கொடுத்தது.

ஆமாம் அக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மொச்சையின் நல்ல பெயர் அப்படியே இருக்கும். மொச்சைக்கு அது நன்றாகவே தெரிந்தது.

"இல்லக்கா" என்றது. "மூடும்போது நல்ல புல்லுதான். வெயில் படாம அழுகிடுச்சு. பனி முன்னாலயே வரப்போறதும் எனக்குத் தெரியும். குருவிங்க பேசினதைக் கேட்டேன். சொல்லியிருந்தா பாதி வெளியையாவது காப்பாத்தியிருக்கலாம்."

நக்கிக்கொண்டிருந்த செம்பியின் நாக்கு நின்றது.

"தெரியுமா?" என்றது செம்பி.

மொச்சை ஆமாம் என்று தலையை அசைத்தது.

"உன் பேச்சை நம்பி என் வாயாலயே தழை ஒடிச்சேனே, மொச்சை. என் பிள்ளை சோத்துமேல நானே கொண்டுவந்து கொட்டினேனே."

சலங்கையின் முள்ளெல்லாம் சிலிர்த்துச் சடசடவென்று அதிர்ந்தது. அது எழுந்து மொச்சையை நோக்கி வந்தது. வந்த வேகத்தில் செம்பியின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டது. செம்பி மொச்சையைப் பார்க்கவில்லை. சலங்கை உட்கார்ந்திருந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அங்கே வட்டமாக ஒரு திட்டு பச்சைப் பசேலென்று இருந்தது.

தழையை ஒதுக்கிவிட்டுச் சலங்கை இரவெல்லாம் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தது. அதனால் பனி படவில்லை. விடிந்ததும் எழுந்து வளைக்குப் போய்விடும். அதனால் வெயில் பட்டது. பகலெல்லாம் அதைப் பார்த்தும், அதுவும் பூஞ்சை விழுந்த புல்தான் என்றே செம்பி நினைத்திருந்தது. இரவில் மூடிப் பகலில் திறந்திருந்தால் அந்தப் பள்ளமே இப்படி இருந்திருக்கும் என்று மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

சலங்கை குட்டியை முதுகில் ஏற்றவா முடியும்? செம்பிதான் குட்டியின் பிடரியைக் கவ்வி மெல்ல இழுத்துவந்து பச்சையின் ஓரத்தில் கிடத்தியது. தாய் புல்லை மேய்ந்தது. குட்டியும் படுத்தபடியே நுனியைக் கறித்தது. வயிறு நிறையப் போதாது. உயிரைப் பிடித்து வைக்கப் போதும். மொச்சைக்கு வாயில் எச்சில் ஊறியது. அது பக்கத்தில் போகவில்லை.

அன்று சாயங்காலம் மொச்சை புதிதாக மிலார்க் கிளைகளை ஒடித்து இழுத்துவந்து அந்தப் பச்சை வட்டத்தை மூடியது. மறுநாள் வெயில் வந்ததும், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு கிளையாக எடுத்து அதைத் திறந்துவிட்டது.

எல்லோருக்கும் உரியதைத் தனக்கு மட்டும் என்று மூடி வைத்தால், அது மூடியவருக்கும் இல்லாமல் போய்விடும்.