பவளக்காலியும் குடையும்

தாணுமாலயனுக்கு வயது அறுபத்து மூன்று. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய குரு நல்லதாய் அம்மாளுக்கு நாற்பதுதான். உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மாள், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு அளத்து ஓரமாகவே ஓலைக் கொட்டகை போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்று காலை வந்த தாணுமாலயன் உட்காரக்கூட இல்லை.

“அம்மா, எம்மவ பிள்ளை பெத்து இருவது நாளாச்சு. ராவும் பகலும் கூடவே நின்னேன். குழந்தை அழுதா அவளுக்கு முந்தி நான்தான் தூக்குவேன். நேத்து சொல்லிட்டா, ‘அப்பா, கொஞ்ச நாளைக்கு வராதீங்க’ன்னு. நான் என்ன குறை வச்சேன்?”



அம்மாள் தூரத்து வரப்பைக் காட்டினார்.

“அங்கன ஒரு பவளக்காலி முட்டையிட்டிருக்கு. அதைப் பாத்துட்டு வாங்க அய்யா.”

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. இருந்தாலும் எதையும் துருவிப் பார்க்கும் மனுஷர். குடையை எடுத்துக்கொண்டு போனார்.

உப்புக் கட்டியும் சிப்பியும் கூட்டிய சின்னப் பள்ளம். அதில் மண் நிறத்தில் நான்கு முட்டைகள். மேலே கறுப்புச் சிறகும் சிவந்த நெட்டைக் காலுமாகப் பறவை. அவ்வளவு நீளக் காலை எங்கே மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று அவர் எட்டி எட்டிப் பார்த்தார்.

வெயில் ஏறியது. பறவை எழுந்து உப்புப் பாத்தித் தண்ணீருக்குப் போனது. இரை பொறுக்கவில்லை. தண்ணீரில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தது.

முட்டை வெந்துகொண்டிருக்கிறது, இதற்குக் குளியல் கேட்கிறதா! அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று போய்க் குடையை விரித்து, முட்டைகளுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பறவை அவர் தலைக்கு மேல் கத்திக் கத்திச் சுற்றியது. அரைமணி நேரத்தில் கை கடுத்தது. அவர் குடையை இறக்கவில்லை.

அம்மாள் வந்து குனிந்து ஒரு முட்டையைத் தொட்டார்.

“நீங்களும் தொடுங்க.”

தொட்டார். சுட்டது.

“நிழல் குடுத்தேனே அம்மா!”

“குடையை மடக்குங்க.”

“வெயில் படுமே?”

“படும். வாங்க.”

அடுத்த வரப்பில் போய் நின்றார்கள். பறவை இறங்கவில்லை. இன்னொரு வரப்பு தள்ளிப் போனார்கள். அப்போதும் இறங்கவில்லை. முட்டைகள் போய்விடுமோ என்று அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். தண்ணீர் இறைக்கும் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் வந்த பிறகுதான் கத்தல் நின்றது.

பறவை பாத்தியில் இறங்கி வயிற்றை முக்கியது. நேரே கூட்டுக்கு ஓடியது. ஈரம் சொட்டச் சொட்ட முட்டைகளின் மேல் உட்கார்ந்தது.

“தண்ணி எடுக்கவா போச்சு அது?”

“அதுக்குக் குடமா இருக்கு?”

“அப்போ நான் நின்ன அரைமணியும்...”

குடை நுனியால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“எவ்வளவு தூரத்துல நிக்கணும் அம்மா?”

“அது வந்து உக்கார்ற தூரத்துல.”